பிரித்துக் கொடுக்கிற குப்பை வண்டியில் ஒன்றாகப் போகிறது, தெருக்காரர்கள் சலித்துவிட்டார்கள் (வேலூர்). யோசனை சொல்லுங்கள்

பாலாற்றுக்கரை கேட்டது:

வேலூர் டவுனை ஒட்டிய விரிவாக்கப் பகுதி எங்களுடையது. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் அறுபது வீடு வரும், அதில் பாதிக்குப் பாதி வாடகைக்காரர்கள். பொங்கல் முடிந்த கையோடு சங்கக் கூட்டம் போட்டு, இனிமேல் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாகத்தான் கொடுப்பது என்று பேசி முடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் சங்கப் பணத்தில் பச்சை ஒன்று நீலம் ஒன்று என்று பக்கெட்டும் வாங்கிக் கொடுத்தோம். முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. வீட்டுப் பெண்கள்தான் முழுசாக இறங்கினார்கள், ஆண்கள் பலருக்குக் கூட்டத்தில் பேசியதோடு கடமை முடிந்தது.

இப்போது என்ன பிரச்சினை என்றால், வண்டி வந்ததும் இரண்டு பக்கெட்டும் ஒரே இடத்தில்தான் கவிழ்கிறது. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் கேட்டருகே நின்று இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா நான் காலங்காத்தால கேரட் தோலையும் கவரையும் பிரிச்சுட்டு இருக்கேன்?" என்று கேட்டார், அன்றோடு நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும் வரிசையாக ஆளாளுக்கு நிறுத்துகிறார்கள். தள்ளிக்கொண்டு வருபவரைக் கேட்டால், "சார், வண்டியில இடம் ஒண்ணுதானே இருக்கு" என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

மனு கொடுப்பது, அதிகாரியைப் பார்ப்பது எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். தெரு அளவிலேயே நாங்கள் என்ன செய்ய முடியும்? இதை வெற்றிகரமாக நடத்துகிற தெரு வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். மொட்டை மாடியில் உரம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வேலூர் வெயிலுக்கு அது ஆகுமா?

---

வள்ளிமலை ரோடு எழுதியது:

நான் குழு மூலமாகக் குப்பை பிரிக்கும் ஷெட்டில் வேலை செய்தவள், அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வண்டிக்காரருக்குப் பிரித்த குப்பை வேண்டாம் என்றா நினைக்கிறீர்கள்? பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் விற்றால் பல இடங்களில் அந்தக் காசு வேலை செய்கிறவர்களுக்கே வரும். ஒரு வீட்டுச் சாம்பார் ஊற்றிக்கொண்டால் அந்த அட்டை மொத்தமும் வீண், அவர்களுக்குத்தான் நஷ்டம். ஆனால் இரண்டு தெருவில் நீங்கள் மட்டும் பிரித்துக் கொடுத்து, முன்னால் வந்த ஐந்து தெருவும் கலந்து கொடுத்திருந்தால், உங்களுடையதை அவர் எங்கே வைப்பார்?

நாங்கள் செய்தது இதுதான். வண்டியின் கைப்பிடிப் பக்கம் இரண்டு கொக்கி போட்டு, அரிசிச் சாக்கு இரண்டைத் தொங்கவிட்டோம். ஒன்றில் பாட்டிலும் கவரும், இன்னொன்றில் அட்டையும் பேப்பரும். வண்டியை மாற்றவும் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். சங்கத்தில் ஒருவர், தினம் ஒருவராக மாறி மாறி இருந்தாலும் சரி, வண்டி கூடவே இரண்டு வாரம் நடந்து வாருங்கள். மேற்பார்வை பார்க்கப் போகாதீர்கள், கையில் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த வித்தியாசம் அவர்களுக்கு உடனே தெரியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், இதை எல்லா வீட்டிலும் சொல்லுங்கள். மிச்சச் சோறு, குழம்பைக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள். அந்த முடிச்சை ஷெட்டில் ஒவ்வொன்றாகக் கத்தியால் கிழிப்போம், உள்ளே இரண்டு நாள் பழைய குழம்பு கையில் வழியும், கையுறைக்குள்ளேயே இறங்கிவிடும். நேராகப் பக்கெட்டில் கொட்டுங்கள், பக்கெட் அடியில் பழைய பேப்பர் ஒன்று விரித்தால் கழுவ வேண்டிய வேலையும் குறையும். நாப்கின், குழந்தை டயப்பரைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு எதுவானாலும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, வாயாலும் சொல்லிக் கொடுங்கள். என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

---

எடைக்கல் எழுதியது:

அக்கா சொன்னது சரி. நான் இன்னொரு வழி சொல்கிறேன், நாங்கள் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறோம், அதனால் இதில் எனக்குச் சுயநலமும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலர்ந்த குப்பையை வண்டியில் தினமும் போடவே வேண்டாம் சார். அது நாறாது, புழு வைக்காது, வீட்டில் ஒரு மாதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பால்கனியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு சாக்கு வைத்துச் சேருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தெருவுக்கே குறித்து ஒரு கடைக்காரரை டாடா ஏஸோடு வரச் சொல்லுங்கள். வீடு வீடாக ஒன்றரைக் கிலோ இரண்டு கிலோ எடுக்க எவனும் வரமாட்டான். அறுபது வீட்டுச் சரக்கு ஒரே இடத்தில் என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். இப்படிச் செய்தால் வண்டியில் ஏறுவது ஈரக் குப்பை மட்டும், கலக்குவதற்கே அங்கே எதுவும் இருக்காது.

எது விலை போகும், எது போகாது என்று தெரிந்துகொண்டால் சண்டை வராது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, தகரம், அலுமினியம், செம்பு ஒயர் எப்போதும் போகும். தண்ணீர் பாட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலும் போகும், மூடியைக் கழற்றி பாட்டிலை மிதித்து நசுக்கிக் கொடுங்கள், மூடி வேறு பிளாஸ்டிக். தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூடி மிதக்கும், பாட்டில் துண்டு முழுகும், உருக்குகிற இடத்தில் இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், பக்கெட், குடம் நல்ல சரக்கு.

பால் கவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு நல்ல விலை உண்டு, ஆனால் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறியாதீர்கள், ஓரத்தில் ஒட்டித் தொங்குகிற மாதிரி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணம்தான் சாக்கடையில் போய் அடைக்கும், அதைப் பொறுக்கி எடுக்க உலகத்தில் ஆள் கிடையாது. கவரைத் திருப்பி ஒரு கை தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வேலூர் வெயிலுக்கு அரை மணி நேரம் போதும்.

போகாதது: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட், உள்ளே வெள்ளியாக மின்னுகிற எதுவும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. அதையெல்லாம் சேர்த்துக் கட்டி சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள், எங்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. தனிச் சாக்கில் போட்டு வண்டியிலேயே கொடுத்துவிடுங்கள். நனைந்த அட்டைக்கு எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வோம், அப்போது கடைக்காரனைத் திட்டாதீர்கள்.

---

கோட்டை வெயில் எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொத்து வரி கட்டுகிறோம், குப்பைக்கென்று தனியாகவும் கட்டுகிறோம். அதற்கு மேல் நான் பால் கவரைத் துவைத்துக் காயப்போட வேண்டும், சாக்கைப் பிடித்துக்கொண்டு வண்டி பின்னால் நடக்க வேண்டும் என்றால் எதற்கு வரி? இதெல்லாம் ரிட்டையர் ஆனவர்களுக்குச் சரி. காலையில் ஏழு மணிக்கு பஸ் பிடித்து ராணிப்பேட்டை ஃபேக்டரிக்கு ஓடுகிறவன் எப்போது கேரட் தோலைப் பார்ப்பான்? நாலு பேர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள், ஆறு மாதத்தில் பக்கெட்டில் துளசிச் செடி இருக்கும்.

---

அகழிக்கரை எழுதியது:

@கோட்டை வெயில், பக்கெட்டில் துளசி பற்றி நீங்கள் சொன்னதற்குச் சிரித்துவிட்டேன், எங்கள் தெருவில் கறிவேப்பிலையே இருக்கிறது. ஆனால் வரி விஷயத்தில் உடன்பாடில்லை. 2016 திடக்கழிவு விதிகளிலேயே, பிரித்துக் கொடுப்பது குப்பையை உண்டாக்குகிறவர் பொறுப்பு என்றுதான் இருந்தது. எடுத்துப் போவதும் பதப்படுத்துவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. நம் பாதியைச் செய்துவிட்டுக் கேட்டால் கேள்விக்கு ஒரு பலம் இருக்கும். நேரக் கணக்கும் சரியில்லை. கவரை இந்தப் பக்கெட்டில் போடுவதற்கும் அந்தப் பக்கெட்டில் போடுவதற்கும் நேரம் ஒன்றுதான். கலந்ததை அப்புறம் பிரிக்கத்தான் நேரம் ஆகும், அதுவும் வேறொருவர் கையால்.

இன்னொன்று, இந்த வேலையை நாட்டுக்கே காட்டிய ஆள் நம் ஊர்ப் பெயரோடுதான் அறியப்படுகிறார், வேலூர் சீனிவாசன். 2014இல் ஆமிர் கான் டிவி நிகழ்ச்சியில் வந்தாரே, அவர்தான். குப்பை அழுகுவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் முறையில் முக்கியம். அதனால் ஒரு நாளில் இரண்டு தடவை சேகரிப்பு, வந்த உடனே பிரிப்பு, மாடு தின்னக்கூடியது மாட்டுக்கு, வாத்து கோழி தின்னக்கூடியது அவற்றுக்கு, மீதி சாணக் கரைசலோடு உரத்துக்கு. சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்ற ஊர் அவர் வழிகாட்டுதலில் இதை மகளிர் குழுக்களை வைத்து ஊர் முழுக்கச் செய்தது, பழைய குப்பைமேடு இருந்த இடம் பூங்காவாகிவிட்டது. 2019இல் அதே ஊரில் ஒரு கிலோ பிளாஸ்டிக் கொடுத்தால் ஒரு சாப்பாடு என்று ஓட்டல் திறந்தார்கள். வடக்கே அவ்வளவு தூரம் போய் வேரூன்றியது நம் தெருவில் ஏன் தடுமாறுகிறது என்றால், அங்கே பெண்களுக்கு அது சம்பளம் வருகிற வேலை, இங்கே நாம் அதை நல்ல பழக்கம் என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். எடைக்கல் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் காசை சங்கக் கணக்கில் போடாதீர்கள். வண்டி தள்ளுகிறவருக்கு அப்படியே கொடுங்கள், அடுத்த வாரமே வண்டியில் இடம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம், காலியிடத்தில் கொளுத்துகிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது. கேட்டில் ஒட்டி வையுங்கள்.

---

அணைக்கட்டு கத்திரி எழுதியது:

மாடியில் உரம் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகும், ஆனால் எங்கள் பக்கம் பிரச்சினை நாற்றம் இல்லை, காய்ந்துபோவதுதான். சித்திரைக் கத்திரியில் மொட்டை மாடியில் வைத்தால் மூன்றே நாளில் உள்ளே எல்லாம் வறண்டு அப்பளமாகிவிடும், மக்காது. நிழல் விழுகிற இடத்தில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போர்த்துங்கள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. புளித்த மோரையோ சாணக் கரைசலையோ வாரம் ஒரு தடவை தெளித்தால் வேகமாகும். வெள்ளையாகக் கொழுத்த புழு நெளிந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் கருப்புப் படை ஈயின் புழுவாகத்தான் இருக்கும், அது வேலைதான் செய்கிறது. ஈரம் அதிகமானால்தான் ரொம்பப் பெருகும், இலையைச் சேர்த்தால் அடங்கும். கோழி எலும்பு, மாங்கொட்டை, தேங்காய் ஓடு இதில் போடாதீர்கள், வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கும்.

வாங்குகிறவன் பார்வையிலும் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு முள்ளு கத்திரி, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான் பயிர். டவுன் குப்பை உரம் மலிவு என்று ஒருவர் இரண்டு லோடு இறக்கினார். மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டால் மாத்திரை அட்டைத் துண்டு, ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், ஷாம்பு பாக்கெட் மூலை, அதற்கு மேல் நூலிழை கனத்தில் கண்ணாடி. வெறுங்காலோடு களை எடுக்கிற பெண்களை அந்த வயலில் எப்படி இறக்குவது? திருப்பி அனுப்பிவிட்டேன். அதே உரம் வீட்டிலேயே பிரித்த குப்பையில் வந்தது என்றால் முகர்ந்தாலே தெரியும், மழை விழுந்த மண் வாசனை வரும். மூக்கைக் குத்துகிற காரநெடி வந்தால் இன்னும் முதிரவில்லை, செடி கருகும். உள்ளே சூடு 55 டிகிரிக்கு ஏறி இறங்கியிருந்தால் தக்காளி விதையெல்லாம் செத்திருக்கும், இல்லாவிட்டால் பாத்தி முழுக்கத் தக்காளிச் செடிதான். நல்லதாக இருந்தால் சல்லடை போட்டு வையுங்கள், தெரு உரத்தை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

---

பாலாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உலர் குப்பையை வண்டியிலிருந்தே விலக்கிவிடுவது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேற்றே நான்கைந்து வீட்டில் பேசினோம், எதிர்வீட்டு அம்மா, "சாக்குதானே, வெச்சுட்டுப் போங்க" என்றார், அவரைப் பொறுத்தவரை அது பெரிய சம்மதம். கொக்கி போட வெல்டிங் கடையில் சொல்லியாகிவிட்டது. காசு வண்டிக்காரருக்கு என்பதில் இரண்டு பேருக்கு மட்டும் முகம் சுளிப்பு, பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு தலைவலி. ஒன்று வாடகைக்காரர்கள். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து ஒரு மாதம் இரண்டு மாதம் தங்குகிற வங்காளக் குடும்பங்கள் எங்கள் தெருவில் நிறைய. நாம் சொல்வது அவர்களுக்குப் புரிவதில்லை, புரிந்த நேரத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னொன்று வைகாசியில் அம்மன் திருவிழா வருகிறது, அன்னதானத்தன்று தெரு முழுக்கத் தட்டும் டம்ளரும்தான். முனையில் இளநீர்க் கடை வேறு, கோடை முழுக்க மட்டை மலை.

---

குடியாத்தம் தறி எழுதியது:

திருவிழா பற்றி எங்களைக் கேளுங்கள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அன்னதானக்காரர்களிடம் பந்தி போட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை, தட்டு வாங்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். உள்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும், பேப்பர் டீ கப்பும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் வருகிறது, பலருக்கு இது தெரியாது, பேப்பர்தானே என்று நினைக்கிறார்கள். கடையில் துணிப்பை என்று கொடுக்கிறார்களே, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அது துணி இல்லை, பிளாஸ்டிக் இழை, அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. வாழை இலையோ மந்தாரை இலையோ என்று உபயதாரரிடம் பேசுங்கள், உபயதாரர் பெயரை மைக்கில் இரண்டு தடவை கூடுதலாகச் சொன்னால் இலைக் காசை அவரே கொடுத்துவிடுவார். தண்ணீருக்கு கேனும் எவர்சில்வர் டம்ளரும், கழுவ இரண்டு பேர். இலையை மட்டும் தனியாக அள்ளி மாடு வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

இளநீர் மட்டைக்கு தெரு அளவில் வழி இல்லை, எந்திரத்தில் அரைத்தால்தான் மக்கும். கடைக்காரரிடம் ஒன்று பேசலாம், மட்டையை நான்காகப் பிளந்து வெயிலில் போட்டால் காய்ந்து எடை பாதிக்கும் கீழே வந்துவிடும், செங்கல் சூளைக்காரரோ பாய்லர் வைத்திருப்பவரோ எடுப்பார்களா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் மட்டும் விடாதீர்கள், குழிந்த மட்டையில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு.

---

வள்ளிமலை ரோடு எழுதியது:

வாடகைக்காரர்களுக்கு நான் பார்த்த ஒரு வழி. காட்பாடியில் ஒரு வீட்டுக்காரம்மா, தங்கியிருந்த வங்காளப் பெண்ணிடமே சொல்லி, பக்கெட் மேல் அவர்கள் மொழியில் எழுதி ஒட்டச் சொன்னார். மீன் முள் படம் ஒரு பக்கெட்டில், பாட்டில் படம் இன்னொன்றில். அந்தப் பெண் ஊருக்குப் போனாலும் எழுத்து அங்கேயே இருக்கிறது. சாவி கொடுக்கும்போது தண்ணீர் மோட்டார் எப்படிப் போடுவது என்று காட்டுகிறார்கள் அல்லவா, அப்போதே பக்கெட்டையும் காட்டிவிட வேண்டும். அதனால் கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள், வேறு தெருவில் இருந்தாலும் சரி. வைத்தியத்துக்கு வந்தவர்கள் வீட்டில் ஊசியும் மருந்து பாட்டிலும் கட்டுத் துணியும் வரும், அதற்கு மூடி போட்ட மூன்றாவது டப்பா கட்டாயம் வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

எடைக்கல் எழுதியது:

ஞாயிறு கணக்குக்கு ஒரு யோசனை, முதல் மாதம் தராசை நடுத்தெருவில் வையுங்கள், எல்லோர் கண்ணெதிரேயும் எடை போடட்டும். கடைக்காரரின் தராசு மேல் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை வைத்துப் பாருங்கள், கேன் எடையும் சேர்ந்து ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும், குறைத்துக் காட்டினால் வேறு கடையைக் கூப்பிடுங்கள்.

---

கோட்டை வெயில் எழுதியது:

பால் கவரைக் கழுவுவதற்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சாக்கு வேண்டுமானால் வைக்கிறேன். மாதத்தில் எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே சொன்னால் போதும், இரண்டாவது ஞாயிறு எனக்கு ஷிஃப்ட்.